கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையின் வகுப்பறையில் கை சுத்தம்: வாசலில் சானிடைசர் வைத்தால் போதுமா?

நிலாமுற்றம்:

அனைவருக்கும் வணக்கம். ஏழு வயதான என் மகளுக்கு வேர்க்கடலையும் முந்திரியும் ஒவ்வாது. பரிசோதனையில் அது உறுதியாகி, கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடுவதற்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த எபிநெஃப்ரின் பேனா ஊசிகள் இரண்டும் பள்ளியில் ஒப்படைக்கப்பட்டுள்ளன. அவளுடைய வகுப்பில் குழந்தைகள் இடைவேளைத் தின்பண்டத்தைத் தங்கள் மேசையிலேயே உண்டுவிட்டு, அதே கையோடு பொதுப் பெட்டியில் இருக்கும் வண்ணக் குச்சிகளையும் கதைப் புத்தகங்களையும் எடுக்கிறார்கள். இதைப் பற்றி நான் கேட்டபோது, வகுப்பு வாசலில் ஒரு சானிடைசர் புட்டியை வைத்து, உண்டு முடித்ததும் எல்லோரையும் தேய்த்துக்கொள்ளச் சொல்வதாகப் பள்ளி நிர்வாகம் பதிலளித்தது. நல்ல மனத்தோடு சொன்ன ஏற்பாடு என்பதால் மறுத்துப் பேசத் தயக்கமாக உள்ளது. உண்மையில் இது போதுமா? போதாது என்றால், ஆசிரியருக்குச் சுமையாகிவிடாமல் வேறு எதைக் கேட்கலாம்?

மருந்துப்பெட்டி:

பள்ளிச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். சுருக்கமான விடை, போதாது என்பதே. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பள்ளியில் பேசும்போது உங்களுக்கு அதுதான் உதவும்.

சானிடைசரில் உள்ள ஆல்கஹால் கிருமிகளைக் கொல்வதற்கானது. ஒவ்வாமையைத் தூண்டுவது கிருமி அன்று, கடலையில் உள்ள புரதம். வறுத்த பிறகும் ஒவ்வாமையைத் தூண்டும் ஆற்றலை இழக்காத அந்தப் புரதம், ஆல்கஹால் பட்டதால் மட்டும் தீங்கற்றதாக ஆகிவிடுவதில்லை. அதோடு, சானிடைசரைத் தேய்த்துக் காயவிடுகிறோமே தவிரக் கையிலிருந்து எதையும் வழித்தெடுப்பதில்லை. எண்ணெய்ப் பசையோடு ஒட்டியிருக்கும் கடலைத் துகள், உள்ளங்கையில் இருந்து விரலிடுக்குக்கும் புறங்கைக்கும் பரவுவதுதான் மிச்சம்.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாமை இல்லாதவர்களின் கைகளில் கடலை வெண்ணெயைத் தடவி, பல முறைகளில் சுத்தம் செய்யச் சொல்லி, அதன் பிறகும் ‘அரா எச் 1’ என்னும் கடலைப் புரதம் கையில் தங்கியிருக்கிறதா என்று சோதித்தார்கள். வெறும் தண்ணீரில் கழுவிய 12 கைகளில் 3-இலும், சானிடைசர் தேய்த்த 12 கைகளில் 6-இலும் புரதம் எஞ்சியிருந்தது. திரவ சோப்பு, கட்டி சோப்பு, கடைகளில் கிடைக்கும் ஈரத்துடைப்புத் தாள் ஆகியவற்றால் சுத்தம் செய்த கைகளில் அது தென்படவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் உங்கள் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறது. சானிடைசர் வெறும் தண்ணீரைவிடவும் பின்தங்கிவிட்டது என்பதைப் பள்ளிக்குக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆகவே, ஓடும் தண்ணீரும் சோப்பும் முதல் வழி. குழாய் அருகில் இல்லாத இடத்தில் ஈரத்துடைப்புத் தாள் இரண்டாம் வழி. சானிடைசர் சளிக்காய்ச்சல் காலத்துக்குப் பயன்படட்டும், கடலைக்கு அதை நம்ப வேண்டாம்.

கரும்பலகை:

தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்ற முறையில் சில நடைமுறைச் செய்திகளைச் சேர்க்கிறேன். “எல்லோரும் சோப்புப் போட்டுக் கழுவட்டும்” என்று சொல்வது எளிது. முப்பது குழந்தைகளுக்கு நான்கு குழாய்கள் இருந்தால் எட்டுச் சுற்று ஆகும். ஒரு குழந்தை நனைத்து, சோப்பிட்டு, இருபது வினாடி தேய்த்து, அலசித் துடைக்க முக்கால் நிமிடம் என்று வைத்தாலும், மொத்தம் ஆறு நிமிடம். வரிசையில் நடக்கும் தள்ளுமுள்ளை இதில் நான் சேர்க்கவில்லை. அந்த ஆறு நிமிடம் கால அட்டவணையில் எழுதப்பட்டிருந்தால்தான் தினமும் நடக்கும், இல்லாவிட்டால் முதல் வாரத்தோடு நின்றுபோகும். நீங்கள் பள்ளியிடம் கேட்க வேண்டியது பொருளை அன்று, நேரத்தை. இடைவேளை முடிவதற்குச் சில நிமிடம் முன்னதாகவே வரிசை தொடங்கும்படி ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள்.

யார், எப்போது கழுவ வேண்டும் என்பதிலும் பெரும்பாலான பள்ளிகளில் ஒரு குழப்பம் உண்டு. எல்லோரையும் உண்பதற்கு முன் கைகழுவ வைக்கிறோம், அது கிருமிக்கான பழக்கம். ஒவ்வாமையைப் பொறுத்தவரை, மற்ற குழந்தைகள் உண்ட பிறகு கழுவுவதுதான் முதன்மையானது, ஏனென்றால் கடலை அவர்களுடைய கையில் ஏறுவது அப்போதுதான். ஒவ்வாமை உள்ள குழந்தை மட்டும் உண்பதற்கு முன் மிகக் கவனமாகக் கழுவ வேண்டும், காலையிலிருந்து அது தொட்டதெல்லாம் கையோடு வந்திருக்கும். காலை உணவுக்குப் பின் நேராகப் பள்ளிக்கு வரும் குழந்தைகள் வகுப்பில் நுழையும்போதும் ஒருமுறை கழுவினால் நல்லது, ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இடைவேளைக்குப் பிந்தையதைத் தேர்ந்தெடுங்கள்.

கழுவி முடித்தவர்கள் எல்லோரும் ஒரே துண்டில் கை துடைத்தால் பாதி உழைப்பு வீணாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். தாள் துண்டு வைக்கலாம், அல்லது ஆளுக்கொரு கைக்குட்டை கொண்டுவரச் சொல்லலாம்.

நேர்கோடு:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். என் பிள்ளைகளுக்கு ஒவ்வாமை ஏதும் இல்லை. ஒரு குழந்தைக்காக முப்பது குழந்தைகளின் நாளில் ஆறு நிமிடம் எடுப்பது நியாயந்தானா என்று கேட்பவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள், அவர்களையெல்லாம் கல்நெஞ்சர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அதைவிட எளிய வழியாக, பள்ளிக்குள் கடலை வகைகளையே தடை செய்துவிடலாமே? கைகழுவும் வேலையே மிச்சமாகுமே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலையைத் தொடுவதாலோ முகர்வதாலோ பெரும் ஆபத்து வராது என்று ஆய்வு இருப்பதாகப் படித்திருக்கிறேன். அது உண்மையானால், கைகளைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது பெற்றோரின் அச்சத்தைக் கூட்டத்தானே செய்யும்?

மருந்துப்பெட்டி:

நேர்கோடு அவர்களே, கேட்க வேண்டிய கேள்விதான் இது. நீங்கள் படித்த ஆய்வு 2003-இல் நியூயார்க்கில் நடந்ததாக இருக்க வேண்டும். கடுமையான கடலை ஒவ்வாமை உள்ள 30 குழந்தைகளின் தோலில் கடலை வெண்ணெயை ஒரு நிமிடம் அழுத்தி வைத்தார்கள், முகத்துக்கு அருகே பத்து நிமிடம் வைத்து முகரவும் செய்தார்கள். சிலருக்குத் தொட்ட இடத்தில் சிவப்போ அரிப்போ தடிப்போ வந்ததே தவிர, உடல் முழுவதையும் தாக்கும் விளைவு ஒருவருக்கும் வரவில்லை. பெற்றோருக்கு இது ஆறுதலான செய்தி. பக்கத்து மேசையில் ஒருவர் கடலை தின்கிறார் என்பதற்காகவே ஒரு குழந்தையை வகுப்பை விட்டு வெளியே அனுப்ப வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆய்வில் கடலை, வைத்த இடத்திலேயே இருந்தது, குழந்தையின் வாய்க்குப் போகவில்லை. ஏழு வயதுக் குழந்தையின் கை அப்படி இருப்பதில்லை. நகம் கடிக்கும், கண்ணைக் கசக்கும், பென்சில் முனையைச் சப்பும். தோலில் பட்டால் அரிப்போடு நிற்கக்கூடிய பொருள், வாய்க்குள்ளோ கண்ணுக்குள்ளோ போகும்போது நிலைமை மாறிவிடுகிறது. கை சுத்தத்தைப் பற்றிப் பேசுவதெல்லாம் அந்தக் கடைசி அரையடிப் பயணத்தைத் தடுப்பதற்காகத்தான். பதினைந்து வயது மாணவர்களின் வகுப்பாக இருந்தால் நானே இவ்வளவு வற்புறுத்த மாட்டேன்.

தடையைப் பற்றி: பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் உணவு ஒவ்வாமையைக் கையாள்வது பற்றிப் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பள்ளி முழுவதற்குமான தடையை முன்மொழியவில்லை. பணியாளர்களுக்குப் பயிற்சி, ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்து வடிவில் ஒரு செயல்திட்டம், பள்ளியில் இருப்பாக எபிநெஃப்ரின் ஆகியவற்றைத்தான் அது முன்வைக்கிறது. சான்றுகள் வலுவற்றவை என்பதால், இவை நிபந்தனையோடு கூடிய பரிந்துரைகளே என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். என் பார்வையில் தடையின் பெரிய குறை, அது தரும் நிம்மதிதான். “இங்கேதான் கடலையே கிடையாதே” என்று நம்பத் தொடங்கிய பள்ளியில், வீட்டில் கடலை உண்டுவிட்டு வரும் கையை யாரும் பார்ப்பதில்லை.

தூரத்துமணி:

நான் இப்போது கல்லூரியில் படிக்கிறேன். சிறு வயது முதல் எனக்குக் கடலை ஒவ்வாமை உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் பேசும் இடத்தில், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்ற உரிமையில் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

“இவளுக்காகத்தான் நாம் எல்லோரும் கைகழுவுகிறோம்” என்று ஆசிரியர் ஒருமுறை சொன்னால் போதும், அந்த ஆண்டு முழுவதும் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு சிணுங்கலும் அந்தக் குழந்தையைத்தான் வந்து சேரும். ஒவ்வாமையை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வகுப்புத் தோழர்களுக்கு அது தெரிந்திருப்பது பாதுகாப்பு, ஏதாவது நேர்ந்தால் ஆசிரியரிடம் ஓடிச் சொல்பவர்கள் அவர்கள்தான். ஆனால் கைகழுவும் விதியை வகுப்பின் விதியாகவே வைக்கலாம். கதைப் புத்தகத்தில் எண்ணெய்க் கறை படியாது, நோய் பரவாது, ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் பாதுகாப்பு என்று மூன்று காரணங்களையும் ஒரே மூச்சில் சொன்னால், யாருடைய பெயரும் விதியோடு ஒட்டிக்கொள்ளாது.

இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. கடலை தின்ற கையை வேண்டுமென்றே முகத்துக்கு அருகே நீட்டி மிரட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது எல்லா இடத்திலும் நடக்காது, ஆனால் நடக்கும்போது பெரியவர்கள் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கை சுத்தத்தைப் பற்றிப் பள்ளியில் பேசும்போதே, இப்படிச் செய்தால் என்ன நடவடிக்கை எடுக்கப்படும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

உங்கள் மகளிடம் ஒரு பழக்கத்தை இப்போதே ஏற்படுத்துங்கள், அம்மா. தன் உணவுப் பெட்டியைத் திறப்பதற்கு முன் அவளே சோப்புப் போட்டுக் கழுவட்டும், உணவை மேசைமீது நேரடியாக வைக்காமல் பெட்டியின் மூடியிலோ ஒரு துணி விரிப்பிலோ வைத்து உண்ணட்டும். மற்றவர்களுடைய கையை அவளால் ஆள முடியாது, இவை இரண்டையும் அவளால் ஆள முடியும். எனக்கு இன்று வரை உதவுபவை இவைதான்.

நேர்கோடு:

தடையைப் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆறு நிமிடத்தைப் பற்றிய கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை, ஆனாலும் சிறு வகுப்புகளுக்கு மட்டும் என்றால் என்னைப் போன்ற பெற்றோர் எதிர்க்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எதற்காக என்று முன்கூட்டியே எங்களுக்கு ஒரு கடிதம் வர வேண்டும், அவ்வளவுதான்.

மழைக்காலத்தாய்:

என் மகனுக்குக் கடலை ஒவ்வாமையோடு, தோல் வறண்டு அரிக்கும் எக்சிமா நோயும் உண்டு. ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் பலருக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்பதால், இங்கு யாரும் தொடாத ஒரு சிக்கலைச் சொல்கிறேன். நாளில் பலமுறை சோப்புப் போட்டால் அவனுடைய விரல் கணுக்கள் வெடித்துவிடுகின்றன. வெடித்த தோலில் சோப்பு பட்டால் எரிகிறது, எரிவதால் அடுத்த முறை கழுவாமல் ஏமாற்றுகிறான். மணமில்லாத மென்மையான சோப்பை ஒரு சிறு புட்டியில் ஊற்றிக் கொடுத்தனுப்புகிறோம். வெந்நீர் வேண்டாம், தேய்த்துத் துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், ஈரம் முழுவதும் காய்வதற்கு முன் களிம்பு பூச வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம்.

அந்தச் சோப்பையும் களிம்பையும் வாங்கும்போது அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கட்டாயம் படியுங்கள். தோலை மென்மையாக்குவதற்காகப் பாதாம் எண்ணெய் சேர்த்த கைச்சோப்புகளும் களிம்புகளும் ஏராளம். உறையில் அது பாதாம் என்றே இருக்காது, ‘ப்ரூனஸ் அமிக்டாலஸ் டல்சிஸ்’ என்று தாவரவியல் பெயரில் இருக்கும். கடலை எண்ணெய் ‘அராகிஸ்’ என்ற பெயரில் ஒளிந்திருக்கும். ஒவ்வாமையிலிருந்து காப்பதற்காகப் பள்ளிக் கழுவுதொட்டியில் வைத்த சோப்பிலேயே பாதாம் எண்ணெய் இருந்தால் என்ன செய்வது?

நிலாமுற்றம்:

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. பள்ளி எந்தச் சோப்பை வாங்குகிறது என்று கேட்டு, அதன் உறையைப் படமெடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுகிறேன். மேசைகளையும் பொதுப் பொருள்களையும் எப்படிக் கையாள்வது? கைவினை வகுப்புகளில் என்ன பயன்படுத்துகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டுமா?

கரும்பலகை:

கட்டாயம் கேளுங்கள். எண்ணப் பழகுவதற்குக் கடலை ஓடு, ஒட்டுவேலைக்குக் கொட்டை ஓடு, பறவைகளுக்கு இரை வைக்கக் கடலை வெண்ணெய் பூசிய அட்டை என்று கையை நேரடியாகவே கடலையில் வைக்கும் செயல்பாடுகள் சிறு வகுப்புகளில் உண்டு. இவற்றுக்கெல்லாம் மாற்று எளிதில் கிடைக்கும், ஆசிரியருக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும் என்பதே தேவை.

மேசைகளைப் பொறுத்தவரை, செவிலியர் குறிப்பிட்ட அதே 2004 ஆய்வு உதவுகிறது. வீடுகளில் பயன்படும் பொதுவான துப்புரவுத் திரவங்கள் மேசையிலிருந்து கடலைப் புரதத்தை நீக்கின, பாத்திரம் கழுவும் திரவம் மட்டும் 12 மேசைகளில் 4-இல் எச்சத்தை விட்டது. தெளித்துத் துடைக்கும் மேசைத் துப்புரவுத் திரவமே நல்லது என்று நான் கொள்கிறேன். எந்தத் திரவத்தைத் தேர்ந்தெடுத்தாலும், ஒரே துணியை ஒரே வாளியில் நனைத்து முப்பது மேசைகளையும் துடைத்தால், அது கடலையைச் சீராகப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையாகவே முடியும். ஒவ்வாமை உள்ள குழந்தையின் மேசையைப் புதிய துணியால் முதலில் துடைத்துவிட்டு மற்றவற்றுக்குப் போக வேண்டும். குழந்தைகளைத் துடைக்கச் சொல்லும் வகுப்புகளில், அந்தக் குழந்தையின் கையில் துணியைக் கொடுக்கவே கூடாது.

பொதுப் பொருள்களில் விசைப்பலகை, வண்ணக் குச்சி ஆகியவற்றைவிட எனக்கு அதிகம் உறுத்துவது, வாயில் வைக்கும் பொருள்கள்தான். ஊதல், குழல், குடிநீர்க் குவளை ஆகியவை அந்தக் குழந்தைக்குத் தனியாகவே இருக்க வேண்டும். மற்றவற்றை, உண்ட பின் கைகழுவும் பழக்கம் ஒழுங்காக நடந்தால் தினமும் துடைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சிறுவர்களுக்கு இதைப் புரியவைக்கும் வழி ஒன்று சொல்கிறேன். சிறிது எண்ணெயில் மினுக்குத் தூளைக் கலந்து அவர்கள் கையில் தடவி, முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், பிறகு சோப்போடு கழுவச் சொல்லுங்கள். நகக்கண்ணிலும் கட்டைவிரல் அடியிலும் மினுக்கு ஒட்டியிருப்பதைத் தாங்களே பார்த்த பிள்ளைகளுக்கு இருபது வினாடியைப் பற்றி நான் பாடம் நடத்தியதில்லை.

மருந்துப்பெட்டி:

கை சுத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் ஓர் எச்சரிக்கை. கழுவுவது வருமுன் காப்பது மட்டுமே, வந்தபின் அது மருந்தாகாது. கையிலோ முகத்திலோ தடிப்பு மட்டும் என்றால், கழுவிவிட்டுக் குழந்தையைத் தனியே விடாமல் கவனிக்கலாம். குரல் கம்முதல், மூச்சிரைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல், வெளிறிப்போதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் கழுவுதொட்டிக்கு அழைத்துப் போகாதீர்கள். குழந்தையை நடக்கவிடாமல் படுக்கவைத்து, தொடையின் வெளிப்பக்கத்தில் எபிநெஃப்ரினைச் செலுத்தி, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் நிலைமை சீராகாவிட்டால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம், இரண்டு ஊசிகள் இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். அரிப்புக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பெரும் தவறு. பேனா ஊசிகள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றனவா, அவற்றை எடுக்க எத்தனை பேருக்குத் தெரியும் என்பதை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் நன்றி. பள்ளிக்குக் கொடுக்கப்போகும் கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

“இடைவேளைக்குப் பின் வகுப்பிலுள்ள அனைவரும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கைகழுவுவதற்கான நேரத்தைக் கால அட்டவணையில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். சானிடைசர் கடலைப் புரதத்தை முழுமையாக நீக்குவதில்லை என்பதால், அதை இதற்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். கழுவுதொட்டியில் வைக்கும் சோப்பில் பாதாம் முதலிய கொட்டைகளின் எண்ணெய் இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டுகிறேன். கைவினைச் செயல்பாடுகளில் கடலையோ கொட்டை ஓடோ பயன்படும் என்றால் முன்கூட்டியே தெரிவிக்கவும். இந்த விதி என் மகளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படாமல், வகுப்பின் பொது விதியாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.”

வெளியே சுற்றுலா அழைத்துப் போகும் நாளில் குழாய் இருக்காதே, அதற்கு என்ன எழுதலாம்?

மருந்துப்பெட்டி:

ஈரத்துடைப்புத் தாளைக் கொடுத்தனுப்புவதாக எழுதுங்கள். ஆளுக்கு இரண்டு தாள் வேண்டும், ஒன்றால் வழித்தெடுக்கவும் மற்றொன்றால் விரலிடுக்குகளைத் துடைக்கவும். துடைத்த தாளை உடனே ஒரு பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும், வண்டியின் இருக்கையில் விட்டுவிடக் கூடாது. சானிடைசரில் நனைத்த தாள்களும் கடையில் இதே போன்ற பொதியில் கிடைக்கின்றன. கை துடைக்கும் சாதாரண ஈரத்தாள்களையே வாங்குங்கள்.

கரும்பலகை:

கடிதம் நன்றாக உள்ளது. ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: கழுவுதொட்டியில் சோப்புத் தீர்ந்துபோனால் ஆசிரியர் யாரிடம் சொல்ல வேண்டும், மாற்றுச் சோப்பு எங்கே இருக்கும் என்பதையும் பள்ளி முடிவு செய்து எழுதித் தரட்டும். அவசரத்துக்கு வாங்கும் சோப்பில்தான் பாதாம் எண்ணெய் நுழைந்துவிடும்.